ஜோவெலியின் ஒத்திகை

பின்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார். மனுஷன் என்னமாய் நடிக்கிறார் என்று ஜோவெலி அசந்துபோனான்.

சுவா நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவன் புதுப் புள்ளியியல் விரிவுரையாளர். போன வாரம் முதல் வகுப்பில் மாணவர்களைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. தொண்டை சரியில்லை என்று சைகை காட்டிவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டான். வரும் திங்கட்கிழமையும் ஓடினால் வேலை போய்விடும்.

புதியவர்களுக்குப் பயிற்சி தரும் வசிதி அம்மாள்தான் கைகொடுத்தார்.

"பயப்படாதப்பா. சாயங்காலம் ஒரு ஒத்திகை வெச்சுக்கலாம். உனக்குத் தெரியாத மத்த துறைப் பேராசிரியருங்க மாணவங்களா நடிப்பாங்க. வேணும்னே வம்பு பண்ணுவாங்க, நீ சமாளி."

கீழ்த்தள வகுப்பறையில் வம்பு கொஞ்சநஞ்சமல்ல. ஒருவர் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒருவர் போனில் ரக்பி பார்த்தார். ஒரு பெண்மணி நர்ஸ் உடுப்பிலேயே வந்திருந்தாள். வேஷம் வரைக்கும் போய்விட்டார்களே என்று ஜோவெலிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் பயம் போன இடம் தெரியவில்லை.

குறட்டைக்காரரின் மேசையைத் தட்டினான்.

"என்னண்ணே, நேத்து குடிச்ச கவா போதை கொஞ்சம் ஜாஸ்தியோ?"

"நாலு கிண்ணத்தோட நிறுத்திட்டேன் சார்."

"பக்கத்துல இருக்கறவர்?"

"அவன் எட்டு."

"அப்ப சராசரி?"

"ஆறு."

"ஆனா உங்க ரெண்டு பேர்ல யாருமே ஆறு குடிக்கலை, பாத்தீங்களா? சராசரியை நம்பி ஏமாறக்கூடாதுங்கறதுதான் இன்னைக்குப் பாடம்."

வகுப்பு சிரித்தது. ரொட்டி பைக்குள் போனது, ரக்பி அணைந்தது. கேள்விக்கு மேல் கேள்வி வந்தது. எனக்கும் பாடம் நடத்த வருகிறதே என்று ஜோவெலிக்குத் தலைகால் புரியவில்லை.

முடிந்ததும் நர்ஸ் உடுப்புக்காரி வந்தாள். "ரெண்டு வாரமா பாடம் எடுக்க யாருமே வரலை. இனிமே நீங்கதான் வருவீங்களா சார்? வந்தா நல்லா இருக்கும்."

"போதும் மேடம், அதான் ஒத்திகை முடிஞ்சிருச்சே."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

வகுப்புக்காக அணைத்து வைத்திருந்த போனை ஜோவெலி உயிர்ப்பித்தான். உடனே வசிதி அம்மாளிடமிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், உங்க ஆளுங்க அத்தனை பேரையும் சமாளிச்சிட்டேன். திங்கக்கிழமை எனக்குப் பயமே இல்லை."

"எங்கப்பா இருக்க நீ? நடிக்க வந்தவங்கல்லாம் மாடியில உனக்காக இன்னும் காத்துக்கிட்டிருக்காங்க."