எல் போர்டு

மச்சானின் பெரிய கறுப்பு காரில் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. முன்னால் ஒரு நசுங்கிய கார் எல் போர்டோடு ஊர்ந்தது. விடாமல் ஹாரன் அடித்தார்.

“மெதுவா மாப்ளே!” பக்கத்தில் இருந்த மச்சான் பதறினார்.

“இதுங்களையெல்லாம் யாரு ரோட்டுக்கு விட்டது?” உரசுவதுபோல் முந்தி, அதை ஓட்டிய பெண்ணைப் பார்த்துக் கத்தினார். “போய் நல்லா கத்துக்கிட்டு வாம்மா!”

மைதானத்தில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தபோது அதே நசுங்கிய காரும் வந்து நின்றது. பெண்ணின் பக்கத்து இருக்கையிலிருந்து அவள் அம்மா ஃபைலோடு இறங்கி இவரிடம் வந்தார்.

“லைசென்ஸ் டெஸ்டுக்கு வந்தவர் நீங்கதானே? நான்தான் இன்ஸ்பெக்டர்.”

“வ... வண்டியை எடுக்கட்டுங்களா மேடம்?”

“வேணாம். வர்ற வழியிலேயே பார்த்துட்டேன். போய் நல்லா கத்துக்கிட்டு வாங்க. ஆமா, உங்க எல் போர்டு எங்கே?”

அசிங்கம் என்று அவர் கழற்றி சீட்டுக்கடியில் செருகியிருந்ததை மச்சான் எடுத்து நீட்டினார்.