சவரிமுத்துவின் அட்டை

நல்லம்பள்ளி பஸ் நிறுத்தத்தில் காலை வெயில் பட்டு, சவரிமுத்துவின் மார்பில் தொங்கும் பிளாஸ்டிக் அட்டை மின்னுகிறது. 'எனக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன். தள்ளாடினால் போதை அல்ல. விழுங்க முடிந்தால் பையிலுள்ள சர்க்கரையைக் கொடுங்கள். மயங்கினால் 108ஐ அழையுங்கள்.' மனைவி ராஜமேரியின் கையெழுத்து. கீழே அவளுடைய நம்பர். போன மாதம் மாதா கோயில் தேரன்று சர்க்கரை குறைந்து அவர் சுருண்டு விழுந்தபோது, குடியையே தொடாத மனிதரைக் குடித்திருக்கிறார் என்று சொல்லிக் கூட்டம் தாண்டிப் போனது. அதற்குப் பிறகுதான் இந்த அட்டை. "என்னங்க மாமா, ஆபீசர் கணக்கா அட்டை மாட்டிட்டீங்க?" என்கிறான் பூ விற்கும் குரு. "ஆபீசரேதான் மாப்ள. என் சக்கரைக்கு நானே ஆபீசரு." ராஜமேரி தூக்குச் சட்டியை நீட்டுகிறாள். "ஊசி போட்டாச்சு. பஸ்ஸுலயே சாப்புட்டுருங்க." "சரிங்க டாக்டரம்மா." ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நிற்கிறார். அட்டையைச் சட்டைக்குள் தள்ளவில்லை. அதைப் பார்த்து ராஜமேரிக்குத் தலை நிமிர்கிறது. அவரை அவள் உயிரோடு பார்ப்பது அதுவே கடைசி. மதியம், வேலை பார்க்கும் மீன் வறுவல் கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். முன்பின் தெரியாத ஒரு பெண் அட்டையைப் படித்து, 108ஐ அழைத்துவிட்டு, ராஜமேரிக்கும் போன் செய்கிறாள். "அக்கா, அவரு தலைய என் மடியிலதான் வச்சிருக்கறேங்க." உயிர் தங்கவில்லை. குடித்திருந்தாரா என்று அன்று யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை.