இருபது டிகிரி சூடு

"நூத்தித் தொண்ணூறு டிகிரிக்கு மேல என் மெஷின்ல சூடு ஏறாது தங்கச்சி" என்றார் தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளர் ஹிக்மத்.

முனிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக்கோடு, மருந்து தடவிய நுண்ணிய களிமண்ணைக் கலந்து, முலாம்பழம் பொதியும் தாள் செய்ய வேண்டும். எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம், எவ்வளவு மண் என்று தாஷ்கண்ட் ஆய்வுக்கூடத்தில் மாற்றி மாற்றிப் பார்த்து அவள் கண்டுபிடித்த கணக்கு. இருநூற்றுப் பத்தில்தான் மண் சீராகப் பரவும். தாள் கிழியாது.

"ஏன் ஏறாது? காரணம் சொல்லுங்கண்ணே."

"ஏறாதுன்னா ஏறாது."

பொறாமை. வேறென்ன? நேற்று வந்த பெண் சொல்லி இவர் கேட்பதா?

நேரே முதலாளி தவ்லத்திடம் போனாள். அவர் தேநீர்க் கிண்ணத்தோடு எழுந்து வந்தார்.

"என்னப்பா ஹிக்மத், படிச்ச பொண்ணு சொல்லுது. ஏத்தித்தான் பாரேன்."

ஹிக்மத் வாதாடவில்லை. "ஏத்துறேன். ஆனா தாள் வெளிய வர்ற இடத்துல நான் மட்டும்தான் நிப்பேன். தாள் சுருட்டுற பொம்பளைங்க எல்லாம் டீ குடிச்சிட்டு வரட்டும்."

பேரைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் முனிசா.

சூடு ஏறியது. கண்ணாடி மாதிரி வந்தது தாள். வாசலோரம் நின்ற முதலாளி, ஹிக்மத் வெட்டி அனுப்பிய துண்டை இழுத்துப் பார்த்தார். கிழியவில்லை.

"சபாஷ்!" என்று செல்போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

படத்தில் ஹிக்மத் மட்டும் விழுவதா? முனிசா விறுவிறுவென்று போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

அழுகிய மீன் நாற்றம். கண் எரிந்தது. இருமல் பிடுங்கியது.

"என்னண்ணே இது?"

"மண்ணுல நீ தடவுற மருந்து கருகுது." ஹிக்மத் குரலைத் தாழ்த்தினார். "உங்க ஆய்வுக்கூடத்துல புகையை ஃபேன் உறிஞ்சி வெளிய தள்ளிடும். உனக்குத் தெரிஞ்சிருக்காது. இங்க நாள் பூரா அந்தப் பொம்பளைங்க இதுல நிக்கணும்."

"முதலாளிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"போன வருஷம் இதே மாதிரி ஒண்ணு சொன்னேன். இருமுன பொம்பளைங்களை வேலைய விட்டு அனுப்பிட்டார்."

முதலாளி அங்கிருந்தே கூப்பிட்டார். "அப்புறமென்னம்மா, இனிமே இருநூத்திப் பத்துதானே?"

முனிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லைங்க. இந்தத் தாள் வெயில் பட்டா நொறுங்கிடும். என் கணக்குலதான் தப்பு. அண்ணன் சொன்ன சூடுதான் சரி."