தோழி இல்லாத விளையாட்டு

"அவளோட தடயம் ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது" என்று பல்லைக் கடித்தான் முதலாளி.

"முகத்தை அழிச்சாச்சு. குரலையும் எடுத்தாச்சு, சார்" என்றாள் சோதனைக்காரி. பிழை எதுவும் கண்ணுக்குத் தப்பாததால் அலுவலகத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர்.

அழிக்கப்பட்டவள், கணினி விளையாட்டில் வீரனோடு கூடவே வரும் தோழி. கல்யாணமான புதிதில் முதலாளியும் அவன் மனைவியும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு அது. தோழிக்கு மனைவியின் முகம், மனைவியின் குரல்.

விவாகரத்தில் விளையாட்டு அவன் பக்கம் வந்தது. ஆனால் நீதிபதி முன்னால், "இவர்கூட இருந்ததும் தனியா இருந்ததும் ஒண்ணுதான்" என்று அவள் சொன்னதும், கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்ததும் அவன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தன.

அவளை நீக்குவது லேசான வேலையாக இல்லை. நிரலில் எங்கு பார்த்தாலும் தோழியைக் கூப்பிடும் வரிகள். இல்லாத ஆளைக் கூப்பிட்டால் சிவப்பு எழுத்தில் எரர் காட்டிவிட்டு விளையாட்டே படுத்துவிடும்.

அதனால் அப்படிப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவனே உட்கார்ந்து ஒரு காவல் போட்டான். தோழி இருக்கிறாளா? இல்லையென்றால் சத்தம் போடாமல் அடுத்த வரிக்குப் போ. கணினிக்காரர்கள் இதை 'நல் செக்' என்பார்கள்; 'நல்' என்றால் ஆங்கிலத்தில் வெறுமை. ஒவ்வொன்றைத் தட்டும்போதும் அவனுக்கு வயிறு குளிர்ந்தது.

"எல்லாக் கட்டத்தையும் திறந்து பார்த்துட்டேன், சார். எரர் இல்ல. ஆனா எதையும் முழுசா ஆடிப் பார்க்கல. கொஞ்சம் டைம் குடுத்தீங்கன்னா..." என்று இழுத்தாள் பூதக்கண்ணாடி.

"எரர் வரலல்ல? அது போதும்."

வெளியீட்டு விழாவில் அரங்கம் நிரம்பி வழிந்தது. காலையிலேயே விளையாட்டு விற்பனைக்குப் போயிருந்தது. முன்வரிசையின் நடு நாற்காலியில், அவன் விடாமல் வருந்தி அழைத்திருந்த முன்னாள் மனைவி.

"மேடம், கடைசிக் கட்டத்தை நீங்களே வந்து ஆடிக் காட்டுங்க. பழைய ஆளு, வழி தெரியும்!" என்றான் மைக்கில், தேன் ஒழுக.

அவள் மேடையேறிக் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டாள். பெரிய திரையில் வீரன் தன்னந்தனியாக ஓடினான். பக்கத்தில் தான் இல்லாததைப் பார்த்து அவள் முகம் எப்போது சுருங்கும் என்று அவன் கண்கொட்டாமல் காத்திருந்தான். சுருங்கவில்லை. அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

பகைவர்களை எல்லாம் வீழ்த்திவிட்டு வீரன் ஓர் இரும்புக் கதவின் முன்னால் வந்து நின்றான். அவள் பொத்தானை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். சிவப்பு எழுத்து வரவில்லை. விளையாட்டு படுத்துவிடவும் இல்லை. வீரன் மட்டும் ஆணி அடித்தாற்போல் நின்றுகொண்டே இருந்தான்.

அரங்கில் சலசலப்பு எழுந்தது. அவன் மைக்கோடு அவள் பக்கத்தில் ஓடிவந்தான்.

"அமுக்குங்க மேடம்... நல்லா அமுக்குங்க!"

அவள் கன்ட்ரோலரை மெதுவாக அவன் கையில் வைத்தாள்.

"அமுக்கி என்ன சார் பிரயோஜனம்? இந்தக் கதவைத் திறக்கிறவளே நான்தானே!"