சாமிக்குப் போன ட்ரோன்

நிலம் அளக்க வந்த ட்ரோன், நாகராசுவின் முந்திரி மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிவப்பு விளக்கைச் சிமிட்டியது.

அதைப் பறக்கவிட்ட சுகுணா மரத்தடியில் திருதிருவென விழித்துக்கொண்டு நின்றாள். சர்வே ஆபீஸ் வேலையாகத் திருவரங்குளத்திலிருந்து காலையில் வந்து இறங்கியவள். திரையில் கோடு போட்டுவிட்டால் போதும், தானாகப் போகும், தானாக அளக்கும், தானாகத் திரும்பி வரும் என்று டீக்கடையில் பாடம் நடத்தியவள்.

போனதெல்லாம் சரியாகத்தான் போனது. திரும்பி வரும் உயரத்தைத்தான் கம்மியாக வைத்துவிட்டாள். சொன்ன சொல் தட்டாத இயந்திரம். நேராக வந்து கோயில் காட்டு இலுப்பையில் மோதி, பக்கத்து முந்திரியில் விழுந்தது.

ஊரே கூடிவிட்டது. வேலை இருந்தவர்கள்கூட வந்துவிட்டார்கள்.

நாகராசு மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடிவந்தார்.

காரணம் ஊருக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லை. அய்யனாரின் கோயில் காடு வருஷா வருஷம் கொஞ்சம் இளைக்கும். ஒட்டியிருக்கும் நாகராசுவின் முந்திரிக் கொல்லை அதே அளவுக்குச் சதை போடும். கம்பி வேலிக்குக் கால் முளைத்து அதுவாகவே நடந்துபோனதாக அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

இப்போது அந்த நடையை மேலேயிருந்து படம் பிடித்த சனியன், கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறது. அது ஆபீஸ் போய்ச் சேர்ந்தால் காடு எது, கொல்லை எது என்று கலெக்டர் வரை தெரிந்துவிடும்.

சுகுணா கிளையை வளைத்து, ட்ரோனை நோக்கிக் கையை நீட்டினாள்.

அந்த நொடியில் நாகராசுவுக்குப் பக்தி பொங்கியது.

கோயில் காட்டில் விழுந்த சுள்ளியைக்கூட யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது ஊர்க் கட்டு. ஒடிந்த கிளையும் அங்கேயே கிடந்து மக்க வேண்டும். அந்தக் கட்டை அவர் கடைசியாக எப்போது மதித்தார் என்று அய்யனாரிடம்தான் கேட்க வேண்டும்.

“தொடாத ஆத்தா! இது கோயில் காடு. இங்கிட்டு விழுந்தது எதுவா இருந்தாலும் சாமிக்குத்தான்!”

சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார்.

சுகுணா சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். இவ்வளவு சுலபத்தில் அடங்குவாள் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

கூட்டம் அவரைப் பார்த்தது. பிறகு அவருடைய வேலியைப் பார்த்தது.

பூசாரி முனியசாமிதான் முதலில் அசைந்தார். இந்த வேலியைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் போய் அவருக்கு முட்டி தேய்ந்திருந்தது. மஞ்சள் துணி ஒன்றைக் கிழித்து, ட்ரோன் தொங்கிய மரத்தில் கட்டி, விழுந்து கும்பிட்டார். எழுந்து அடுத்த மரத்தில் ஒன்று கட்டினார். அதற்கடுத்த மரத்திலும் ஒன்று.

துணி போதவில்லை. ஓடிப்போய் எடுத்துவரப் பத்துப் பேர் தயாராக இருந்தார்கள்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. குரல்கூட உயர்த்தவில்லை. சாமி காரியம் அல்லவா? இரண்டு பேர் மிகுந்த மரியாதையோடு கம்பி வேலியைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

நாகராசு வேலிக் கம்பியை எட்டிப் பிடித்து, பிறகு விட்டுவிட்டார். சாமிக்கு என்று சொன்ன வாயால் எனக்கு என்று எப்படிச் சொல்வது? பிள்ளையைப் போல வளர்த்த மரங்கள். போகட்டும், ஆபீஸ்காரன் அளந்து பிடித்து ஊர் சிரிப்பதைவிட இது தேவலை. அந்தப் படங்களாவது ஒழிந்தனவே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சுகுணா அருகில் வந்தாள். அழுதுகொண்டு வருவாள் என்று பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பு.

“என் வேலையக் காப்பாத்திட்டீங்கண்ணே, சாமி எடுத்துக்கிருச்சுன்னே ஆபீஸ்ல சொல்லிக்கிறேன். கைய நீட்டினப்பதான் பாத்தேன், மெமரி கார்டே போடாமப் பறக்கவிட்டுருக்கேன், ஒரு படங்கூட எடுக்கலைண்ணே!”