பாதி விருந்தில் எழுந்து போனவள்

முப்பதாவது ரிப்பனை அவிழ்க்கும்போது என் முழங்கால் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது.

“இன்னும் பத்து நிமிஷம்தான்! உச்சி வந்தாச்சு!” என்று கையை ஆட்டிவிட்டு ஒருவர் இறங்கிப் போனார். வொராக் மலையில் இறங்கி வருகிறவர் எவரும் உண்மை பேசியதில்லை. இதோடு நாலாவது ஆள். நாலு பேருக்கும் அதே பத்து நிமிஷம்.

“இவனுங்க கடிகாரத்துல இடி விழ,” என்றேன்.

தாம்ஹீயின் அம்மா சிரிக்கவில்லை. அறுபத்தேழு வயது. இரும்புப் படிகளில் எனக்கு முன்னால் ஆடு மாதிரி ஏறிக்கொண்டிருந்தார். மகளுக்கு அந்தக் கால்கள் எங்கிருந்து வந்தன என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மகள் வக்கீல். ஜெச்சோன் நகரத்துக் கோர்ட்டுக்கு எதிரே சின்ன ஆபீஸ். நான் அங்கே மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், வக்கீலம்மா ஏதாவது ஒரு மலையில் இருப்பார். திங்கட்கிழமை வாதத்தை உச்சியில் நின்றபடி எனக்கு ஃபோனில் சொல்லிப் பார்ப்பார். நடுவிலே, “ஐயோ, அந்தக் கழுகைப் பாருங்களேன்!” என்பார். ஃபோனில் நான் எந்தக் கழுகைப் பார்ப்பது?

முப்பத்திநாலு வயதில் வயிற்றுப் புற்று கொண்டு போய்விட்டது. இரண்டு வருஷம் ஆகிறது. அவர் நாற்காலியில் இன்னும் யாரையும் நான் உட்கார விடுவதில்லை.

மலையேறும் சங்கத்துக்காரர்கள் கிளைகளில் ரிப்பன் கட்டிக்கொண்டே போவார்கள், பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரியட்டும் என்று. எங்கள் வக்கீலம்மாவும் கட்டினார், ஆரஞ்சு நிறத்தில். ‘வழி தவறிவிட்டதா? கூப்பிடுங்கள். வக்கீல் தாம்ஹீ.’ கீழே அவருடைய சொந்த நம்பர். காட்டுப்பன்றிக்கு விளம்பரமா என்று கோர்ட்டே கேலி செய்தது.

இப்போது மரத்தில் எதுவும் தொங்கக் கூடாது என்று உத்தரவு. ஆபீசுக்கு நோட்டீஸ் வந்தது. யாரோ வெட்டிக் குப்பையில் போடுவதற்கு முன்னால் நாமே போய் அவிழ்த்துவிடலாம் என்றார் அம்மா.

அவிழ்த்த ஒவ்வொன்றையும் நீவி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முகம் மட்டும் காலையிலிருந்தே கடுகடுவென்றிருந்தது.

பாறை ஒன்றில் உட்கார்ந்து வெள்ளரிக்காயை உடைத்து எனக்குப் பாதி கொடுத்தார்.

“என் அறுபதாம் வருஷ விருந்து, மேனேஜரம்மா. சொந்தபந்தம் அத்தனையும் உக்காந்திருக்கு. இவளுக்கு ஒரு ஃபோன் வந்துது. ‘அம்மா, மலைக்குப் போறேன்’னு சூப்பைப் பாதியில வெச்சுட்டு எழுந்துட்டா. மழை வேற. எதுக்குடின்னு கேட்டா வாயே திறக்கல.”

“ம்.”

“என்னைவிட அந்த மலை பெருசா போச்சான்னு ஆஸ்பத்திரியில, கடைசி வாரம்கூட கேட்டேன். சிரிச்சா, அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் அவ போட்டோ முன்னாடி ஒழுங்கா ஒரு நாள் அழ முடியல எனக்கு. அழ உக்காந்தா கோபம்தான் வருது.”

வெள்ளரிக்காயைக் கடிக்காமல் பையில் போட்டுக்கொண்டேன். எழுந்து நடந்தேன். இன்னும் ஒரே ஒரு ரிப்பன்தான் பாக்கி. பாதையை விட்டு விலகி, புதருக்குப் பின்னால் வளைந்து நின்ற பைன் மரத்துக்கு அவரைக் கூட்டிப் போனேன். ரிப்பன் வெளுத்துப் போய் ஆடிக்கொண்டிருந்தது.

“இது இங்க இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்? மலைன்னாலே ஓடுற ஆளாச்சே நீங்க?”

“ஒரு தடவை வந்திருக்கேம்மா. ஏழு வருஷத்துக்கு முன்னாடி.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. “வழி தவறி வரல. திரும்பி இறங்கக் கூடாதுன்னுதான் ஏறினேன். இந்த நம்பர் கண்ணுல பட்டுது. யாருதான் எடுக்கறாங்க பார்ப்போம்னு அடிச்சேன். வக்கீலம்மா எடுத்தாங்க. பின்னாடி ஒரே பாட்டுச் சத்தம், சிரிப்புச் சத்தம்.”

அம்மா மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“நான் வர்ற வரைக்கும் வைக்காம பேசிட்டே இருங்கன்னாங்க. ஒன்றரை மணி நேரம் பேசினேன். பட்டு உடுப்போட, முழங்கால் வரைக்கும் சேறோட வந்து நின்னாங்க. அடுத்த வாரமே வேலை குடுத்தாங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், எங்கம்மாகிட்டகூட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணாங்க. அவங்க காப்பாத்தினது என் மானத்தைம்மா. நான் பயந்துக்கிட்டு இத்தனை நாள் உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன்.”

அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முதன்முதலாகப் பார்ப்பது போல் பார்த்தார்.

“சாப்பிட்டியா?” என்றார். இத்தனை வருஷத்தில் என்னை அவர் நீ என்று சொன்னதில்லை.

“எப்போம்மா?”

“அன்னிக்குத்தான்டி. அந்த மழையில நின்னியே. வயித்துக்கு ஏதாவது சாப்பிட்டியா?”

“கைப்பையில கொழுக்கட்டை வெச்சிருந்தாங்கம்மா. எள்ளுப் பூரணம். காகிதத்துல சுத்திக் கொண்டு வந்திருந்தாங்க.”

விருந்துக்கு முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து அந்தக் கொழுக்கட்டைகளைப் பிடித்தவர் இந்த அம்மாதான். அப்படியே மரத்தடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். கொஞ்சமும் கோபமில்லாத அழுகை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை. பாதையில் போன இரண்டு பேர் புதருக்கு மேலாக எட்டிப் பார்த்து, உச்சிக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் என்று எங்களைத் தேற்றிவிட்டுப் போனார்கள்.

வெகுநேரம் கழித்து அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“எத்தனை சாப்பிட்டே?”

“ஆறு.”

“ஆறா! அடிப்பாவி, என் விருந்துல எனக்கே ரெண்டுதான் கிடைச்சுது.”