எட்டுப் பேர் தூக்கிய கார்

முருகவேள் உதிரிபாகங்களாக வரவழைத்து, நான்கு வருடம் ஷெட்டிலேயே கிடந்து பொருத்திய கூரையில்லாத கார் அது. பிறகு தெருவில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சுற்றினார். மனைவி அமுதவல்லி மட்டும் ஒருநாளும் ஏறவில்லை. "என்னைவிட அந்தத் தகர டப்பாதான் உங்களுக்குப் பெரிசு" என்பாள். அவர் இறந்து நாற்பதாம் நாள் அதை விற்றுவிட்டாள்.

ஏற்றிப்போக லாரி வந்தது. சாய்வுப் பலகை இல்லை. ஐந்நூறு கிலோதானே என்று எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினார்கள். இடப்பக்கம் எழும்பியது. ஸ்டியரிங் இருக்கும் வலப்பக்கம் அசையவே இல்லை. இடம் மாறி நின்று தூக்கியும் அப்படித்தான்.

லாரிக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அக்கா, உள்ள ஆள் உக்காந்திருக்கற மாதிரி கனக்குது."

அமுதவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு, கதவில்லாத விளிம்பைத் தாண்டி இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தாள்.

"இப்பத் தூக்குங்க" என்றாள்.

கார் பூக்கூடை போல எழும்பி லாரித் தட்டில் அமர்ந்தது. ஆட்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

கயிறு கட்டி முடித்ததும் லாரிக்காரர், "எறங்குங்கக்கா, கெளம்பணும்" என்றார்.

"நானும் வரேன். நீங்க போங்க."

ஊரைத் தாண்டியதும் லாரி வேகமெடுத்தது. காற்று அவள் கொண்டையை அவிழ்த்தது. சாவியே போடாத காரின் கியர்த் தண்டு அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் மெல்ல மூன்றாவதுக்கு நகர்ந்தது. அவள் காலை ஒதுக்கி அதற்கு இடம் கொடுத்தாள்.